கீவின்னா பழம் இல்ல பாஸ்!

மெஸ் சாம்பார்ல பருப்பைத் தேடித் தேடி ஓய்ஞ்சு போன ஹாஸ்டல்வாசிகளே... இந்த வாரம் உங்களுக்குத்தான்!

லீவுக்கு ஊருக்குப் போனா, "என்னடா இப்படி எலும்பா வந்து நிக்கிற?"னு கேட்டுக்கிட்டே தட்டுல இன்னொரு கரண்டி சோத்தைத் தள்ளுற அப்பத்தாவோ ஆச்சியோ உங்க வீட்ல இருக்காங்கல்ல? சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், வழிப்போக்கன்னு யார் வந்தாலும் இலை போடுற ஆளு? அப்படி ஒரு அப்பத்தாவைப் பத்திதான் பேசப் போறோம். ஊர் பஞ்சாப். பேர், மாதா கீவி. (ஜூஸ் கடை போர்டு ஞாபகம் வந்தவங்க தலையில நீங்களே ஒரு குட்டு வெச்சுக்கோங்க.)

1506-ல் பிறந்தவங்க. 1519-ல் கல்யாணம். பொண்ணுக்கு 13, மாப்பிள்ளை லெஹ்ணாவுக்கு 15. பத்தாவது எழுதுற வயசு! காடூர்ங்கிற ஊர்ல குடித்தனம். தாசு, தாத்துனு ரெண்டு பையன்கள், அம்ரோ, அனோக்கினு ரெண்டு பொண்ணுங்க. லெஹ்ணா அம்மன் பக்தர். ஊர் ஜனத்தைக் கூட்டிக்கிட்டு மலைக்கோயிலுக்கு யாத்திரை போறது அவர் வழக்கம். அப்படிப் போன ஒரு தடவை கர்த்தார்பூர்ல குருநானக்கைப் பார்த்தார். அவ்ளோதான்... மனுஷன் அங்கேயே சீடர் ஆயிட்டார்.

அடுத்த சில வருஷம் அவர் வாழ்க்கை கர்த்தார்பூர்ல. வயல் வேலை, குரு சேவை. இங்கே வீடு, நாலு பிள்ளைங்க, ஊர்ப் பேச்சு எல்லாம் கீவி தலையில. வாழ்க்கை வரலாறு எழுதறவங்க இந்த இடத்தை ஒரே வரியில தாண்டிப் போயிடுறாங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் இடிக்குது. புத்தரோ, லெஹ்ணாவோ... தேடிப் போனவரைப் பத்தி நூறு பக்கம் எழுதறோம். அடுப்புல உலை வெச்ச ஆளுக்கு?

1539-ல் குருநானக் மறையறதுக்கு முன்னாடி, தன் சொந்தப் பையன்கள் ரெண்டு பேரையும் விட்டுட்டு லெஹ்ணாவை அடுத்த குருவா அறிவிச்சார். புதுப் பேர், அங்கத். குரு அங்கத் காடூருக்குத் திரும்பினார். பின்னாலேயே கூட்டமும் வந்துச்சு. இங்கேதான் நம்ம ஹீரோயினோட என்ட்ரி!

லங்கர் கேள்விப்பட்டிருப்பீங்க. சீக்கியர்களோட பொதுச் சமையல். ஆரம்பிச்சது குருநானக்தான். ஆனா காடூர்ல அதைக் கையில எடுத்து, தினமும் நடக்கிற ஒரு ஏற்பாடா நிறுத்திக் காட்டினது கீவி. விஷயம் சாப்பாடு மட்டும் இல்ல மக்களே. யார் தொட்ட தண்ணியை யார் குடிக்கலாம்னு ஆயிரம் சட்டம் இருந்த 16-ம் நூற்றாண்டு. ஜமீன்தாரும் செருப்புத் தைக்கிறவரும் ஒரே தரையில, ஒரே வரிசையில உட்காரணும். அதுக்குப் பேரு பங்கத். மேடையில நின்னு சமத்துவம் பேசறது ஈஸி. பக்கத்துல உட்காரமாட்டேன்னு முறைச்சுக்கிட்டு நிக்கிற ஆளை சிரிச்ச முகத்தோட உட்கார வெச்சு, கையில ரொட்டியையும் கொடுத்து அனுப்புறது இருக்கே... அதுக்கு வேற திறமை வேணும்.

காடூர் ரொம்பவே கலகலப்பான இடம். குருமுகி எழுத்தை ஒழுங்குபடுத்திக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார் குரு அங்கத். வாலிபப் பசங்களுக்கு மல்யுத்தக் களம் வேற! இன்னைக்கு ஜிம் போயிட்டு வர்ற ரூம்மேட் எத்தனை முட்டை சாப்பிடறான்னு பாருங்க. அந்தக் கூட்டத்துக்கு கீவி பரிமாறினது நெய் விட்ட கீர். அதாவது பால்ல அரிசி போட்டுக் காய்ச்சின பாயசம். வந்தவங்களுக்கு நெய்ப் பாயசம். குருவோ, கயிறு திரிச்சு வந்த காசுல எளிமையாச் சாப்பிட்டார்னு சொல்வாங்க.

இது பின்னாடி யாரோ கட்டிவிட்ட கதை இல்ல. சத்தா, பல்வண்ட்னு ரெண்டு பாடகர்கள் கீவியோட குளிர்நிழலையும் அந்த நெய்ப் பாயசத்தையும் பாட்டுல வெச்சுப் பாடினாங்க. 1604-ல் குரு அர்ஜன் தொகுத்த புனித நூல்ல அந்தப் பாட்டும் இருக்கு. குருமார்களோட மனைவிகள்ல அந்த நூல் பேர் சொல்லிப் புகழறது இவங்க ஒருத்தரைத்தான்.

சரி, வீட்டுப் பிரச்னைக்கு வருவோம். பிரச்னை இல்லாத வீடு ஏது?

1552-ல் குரு அங்கத் மறைஞ்சார். அவரும் தன் பையன்களுக்குப் பதவி தரல. 73 வயசு அமர் தாஸை அடுத்த குருவாக்கினார். தினமும் ஆத்துல இருந்து குருவுக்குத் தண்ணி சுமந்து வந்த மனுஷர் அவர். இதுல ஒரு ட்விஸ்ட் என்னன்னா, அமர் தாஸை இந்தப் பக்கம் இழுத்துட்டு வந்ததே கீவியோட பொண்ணு அம்ரோ பாடின பாட்டுதான். அம்ரோவை அமர் தாஸோட தம்பி பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாங்க.

பையன் தாத்துவுக்குப் பொறுக்கல. 'அப்பா சீட் எனக்குத்தான்'னு கிளம்பி, கோயிந்த்வாலுக்கே போய், சபையில அந்தப் பெரியவரைக் காலால எட்டி உதைச்சான்னு மரபுக் கதை சொல்லுது. அவரோ, 'வயசான எலும்பு, உங்க கால்ல குத்தியிருக்குமே'னு பணிவாக் கேட்டாராம்.

கீவி இடத்துல உங்க அம்மாவை வெச்சு யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம், புருஷன் எடுத்த முடிவு. இன்னொரு பக்கம், பெத்த பிள்ளையோட கோபம். பிள்ளை பக்கம் சாய்ஞ்சா யாரும் குத்தம் சொல்லப் போறதில்ல, ஆனா கூட்டம் ரெண்டா உடையும். கீவி தாத்துவுக்கு எடுத்துச் சொல்லி, அமர் தாஸ்கிட்ட கூட்டிட்டுப் போய் மன்னிப்புக் கேக்க வெச்சாங்கன்னு மரபு சொல்லுது. அந்த ராத்திரி அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடந்த பேச்சைக் கேட்கிறதுக்கு நான் என் செமஸ்டர் மார்க் எல்லாத்தையும் தருவேன். (அதுக்குப் பெரிய மதிப்பு இல்லைங்கிறது வேற விஷயம்.)

அதுக்கப்புறமும் சமையல் நிக்கல. அமர் தாஸ், 'முதல்ல பந்தி, அப்புறம்தான் தரிசனம்'னு ரூல் போட்டுட்டார். அக்பர் பாதுஷாவே தரையில உட்கார்ந்து சாப்பிட்டார்னு சொல்வாங்க. கணவர் போன பிறகு 30 வருஷம் இருந்து, 1582-ல் காடூர்ல கண்ணை மூடினாங்க கீவி. முதல் அஞ்சு குருமார்களோட காலத்தையும் பார்த்த மனுஷி!

இன்னைக்கு அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கர்ல ஒரு நாளைக்குச் சாப்பிடறவங்க 50 ஆயிரத்துல இருந்து ஒரு லட்சம் பேர் வரைக்கும். 2020-ல் டெல்லி எல்லையில விவசாயிகள் உட்கார்ந்தப்ப ரோட்டோரமே லங்கர் ஆச்சு. 2021 கொரோனா அலையில காசியாபாத் பக்கம் ஒரு குருத்வாரா 'ஆக்சிஜன் லங்கர்' நடத்துச்சு.

ஐ.வி., டூர்னு அந்தப் பக்கம் போனா, தலையில கர்ச்சீப் கட்டிக்கோங்க. ரொட்டி வரும்போது தட்டை நீட்டாதீங்க, ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தணும். சாப்பிட்டு முடிச்சதும் நேரா செல்ஃபி எடுக்க ஓடாம, பூண்டு உரிக்கிற கூட்டத்துல கொஞ்ச நேரம் உட்காருங்க. யாரும் பேர், ஊர், ஜாதி கேக்கமாட்டாங்க. பக்கத்துல இருக்கிற பாட்டிகிட்ட 'மாதா கீவி'னு சொல்லிப் பாருங்க. ஹிந்தி வரலைன்னா பரவாயில்ல, அந்த ரெண்டு வார்த்தை போதும். அன்னைக்குக் கீர் இருந்தா, வெக்கப்படாம ரெண்டாவது தடவையும் கேளுங்க!