மீனும் தூங்கணும் பாஸ்!

மீன் தொட்டிக்கு லைட் வாங்கக் கிளம்பிட்டீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த லைட் யாருக்குன்னு முதல்ல சொல்லுங்க. உங்களுக்கா, மீனுக்கா, இல்ல தொட்டிக்குள்ள நட்ட செடிக்கா?

நாகல்நகர்ல இருக்கிற என் கிளாஸ்மேட் வீட்டுத் தொட்டில ரிமோட் வச்ச கலர் லைட். பச்சை, நீலம், ஊதான்னு திருவிழா சீரியல் செட் மாதிரி ராத்திரி முழுக்க மின்னும். பார்க்கிறவங்க எல்லாம் 'சூப்பர்'னு சொல்லிட்டுப் போவாங்க. மீன் என்ன சொல்லும்? பாவம், அதுக்குக் கண் இமையே கிடையாது. நமக்குத் தூக்கம் வந்தா கண்ணை மூடிக்கலாம். மீனுக்கு இருட்டுதான் இமை. அதையும் பிடுங்கிட்டா எங்கே போய்த் தூங்கும்?

மீன் மட்டும்தான் வளர்க்கிறீங்கன்னா தனி லைட்டே கட்டாயம் இல்லை. ஹால் வெளிச்சமே தாராளம். சாயங்காலம் கொஞ்ச நேரம் அழகா பார்க்கணும்னு ஆசைப்பட்டா, மலிவான லைட் எதுவும் ஓகே. படுக்கும்போது அணைச்சிடுங்க, அவ்வளவுதான். கோல்டு ஃபிஷ் வச்சிருக்கவங்க செடி பத்தி யோசிக்கவே வேண்டாம். நட்ட மறுநாளே கீரைக்கட்டுன்னு நினைச்சு மேய்ஞ்சிடும்!

செடி இருந்தாதான் மேட்டரே ஆரம்பிக்குது. கடைல 'எத்தனை வாட்'னுதான் கேட்போம். அது டியூப்லைட் காலத்துக் கேள்வி. வாட்ங்கிறது லைட் தின்னுற கரன்ட். வெளியே எவ்வளவு வெளிச்சம் விடுதுன்னு சொல்றது லூமன். அட்டைப் பெட்டியில போட்டிருக்கும், பாருங்க. லூமன்கூட மனுஷக் கண்ணுக்காகப் போட்ட கணக்குதான். நம்ம கண்ணுக்குப் பச்சை தூக்கலா தெரியும். செடியோட பச்சையம் அதிகமா உறிஞ்சுறது நீலமும் சிவப்பும். ஆனாலும் வெள்ளை எல்.இ.டி.களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட லூமன் போதும்.

ஒரு கணக்கு போடுவோமா? ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. 60 x 30 x 30 செ.மீ., அதாவது 54 லிட்டர். மண்ணு, கல்லு, மேலே விட்ட இடம் எல்லாம் கழிச்சா 45 லிட்டர்னு வைங்க. சுலபமா வளர்ற ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வேலிஸ்நேரியா மாதிரி செடிகளுக்கு லிட்டருக்கு 20 லூமன் இருந்தா போதும். மொத்தம் 900. நம்ம வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பே கிட்டத்தட்ட அவ்வளவு தருது! பெட்டியில '6500 கே'ன்னு இருக்கிற பகல் வெளிச்ச வகையா பார்த்து வாங்குங்க. தினம் 8 மணி நேரம் எரிஞ்சாலும் மாசத்துக்கு ரெண்டு யூனிட் சொச்சம்தான். அப்பாகிட்ட திட்டு விழாது.

'பிளான்ட் லைட்'னு கடைக்காரர் கொடுக்கிறது நிஜமாவே வெள்ளைதானா? வீட்ல தூசி படிஞ்சு கிடக்கிற பழைய சி.டி.யை எடுங்க. லைட்டை அதுல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. நீலத்துல ஆரம்பிச்சு சிவப்பு வரைக்கும் விடாம நிறம் இழைஞ்சு தெரிஞ்சா அது அசல் வெள்ளை. நடுநடுவே இருட்டு விழுந்து மூணு நிறம் தனித்தனியா நின்னா, மூணு கலர் பல்பைக் கலந்து வெள்ளையா காட்டுறாங்கன்னு அர்த்தம். வெள்ளை எல்.இ.டி. எப்படி வேலை செய்யுது தெரியுமா? உள்ளே இருக்கிறது நீல எல்.இ.டி. அதுக்கு மேலே பூசின மஞ்சள் பாஸ்பர் கொஞ்சம் நீலத்தை வாங்கி மத்த நிறங்களா மாத்திடுது. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கினதுக்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூணு பேருக்கும் 2014-ல இயற்பியல் நோபல். செமஸ்டர்ல கேட்டா எழுதிடுங்க!

இப்ப நம்ம ஊர் சமாச்சாரம். திண்டுக்கல் வெயிலைப் பத்தி நான் சொல்லணுமா? ஜன்னல் பக்கம் தொட்டியை வச்சா, நீங்க லைட்டே போடாம தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிடும். சித்திரை, வைகாசில தண்ணியும் சூடேறும். உள்சுவர் ஓரமா வைங்க. புதுத் தொட்டிக்கு 6 மணி நேர வெளிச்சத்துல ஆரம்பிங்க. கண்ணாடியில பச்சை படிஞ்சா ஒரு மணி நேரம் குறைங்க. செடி சோர்ந்து தெரிஞ்சா ஒரு மணி நேரம் கூட்டுங்க. இதை தினமும் ஞாபகம் வச்சு செய்ய யாராலயும் முடியாது. காலேஜ் போறவங்க நிச்சயமா ஒரு டைமர் ப்ளக் வாங்கிடுங்க. விலை அதிகமான லைட்டை விட இதுக்குச் செலவு பண்றது புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு, போர் தண்ணி. ஆத்தூர் டேம் தண்ணி வராத அன்னைக்கு அதைத்தானே ஊத்துறோம்? அது தெறிச்சுக் காய்ஞ்சதும் மூடிக் கண்ணாடியில வெள்ளையா உப்புப் படியும். லைட் நல்லாத்தான் எரியும், கீழே வெளிச்சம் இறங்காது. 'பல்பு வீக் ஆயிடுச்சு'ன்னு புதுசு வாங்க ஓடாதீங்க. மூடியை வெளியே எடுத்து எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சு, நல்லாக் கழுவித் துடைச்சுப் போடுங்க. பளிச்!

சாதா பல்பு போடுறவங்க அதை மூடிக் கண்ணாடிக்கு மேலே, அசையாத ஸ்டாண்டுல மாட்டுங்க. தண்ணிக்குள்ள முக்குற லைட்னா 'ஐபி 68'னு அச்சடிச்சிருக்கணும். அடாப்டர் வச்ச 12 வோல்ட்டா இருந்தா இன்னும் நிம்மதி. வயரை ப்ளக்குக்கு நேரா இழுத்துக் கட்டாதீங்க. ப்ளக்கை விடத் தாழ்வா ஒரு வளைவு தொங்கட்டும். வயர் வழியா வழியற தண்ணி அந்த வளைவுலேயே தரையில சொட்டிடும், ப்ளக்குக்குள்ள போகாது. வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கேட்டு வைங்க. தொட்டிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி லைட், மோட்டார், ஹீட்டர் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிடுங்க. தம்பி தங்கச்சிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க.