லைட் போட்டால் ரேடியோ இரைகிறதா?

டிசம்பர் மாதம் டொரண்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும். வேலை முடிந்து வீடு திரும்புவது முழுக்க ஹெட்லைட் வெளிச்சத்தில்தான். அதனால்தானோ என்னவோ, குளிர் தொடங்கியதும் ஆன்லைனில் எல்.இ.டி. ஹெட்லைட் பல்பு வாங்கி மாட்டுவது நம்ம ஆட்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. பழைய ஹாலஜனைக் கழற்றி இதை மாட்டினால் வேலை முடிந்தது. வெள்ளை வெளேரென்று வெளிச்சம்.

கூடவே இன்னொன்றும் வந்து சேரும். பக்கத்து வீட்டு அண்ணை கேட்டது இது: "தம்பி, லைற்றைப் போட்டவுடனே றேடியோ இரையுது. நிப்பாட்டினால் பாட்டு தெளிவாக் கேக்குது. றேடியோவை மாத்த வேணுமோ?"

மாற்ற வேண்டாம். ரேடியோ தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. காற்றில் வருகிற சத்தத்தைப் பிடித்துத் தருகிறது. அந்தச் சத்தத்தைப் போடுவது பல்பு.

ஹாலஜன் பல்பில் எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. ஒரு டங்ஸ்டன் இழை, அதில் 55 வாட் போகிறது, சூடாகி எரிகிறது, அவ்வளவுதான். எல்.இ.டி. அப்படியில்லை. கார் பேட்டரியின் மின்சாரத்தை அதற்கு ஏற்ற அளவில் நிலையாகக் கொடுக்க ஒரு 'டிரைவர்' சர்க்யூட் வேண்டும். அது மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை போட்டு அணைத்துத்தான் அளவை மாற்றுகிறது. ஒவ்வொரு தடவையும் வருகிற அந்த 'வெடுக்' மாற்றத்தில் மேல் அதிர்வெண்கள் கிளம்பும். 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரையான ஏ.எம். அலைவரிசையிலும், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான எஃப்.எம். அலைவரிசையிலும் அவை போய் விழும். பிரிட்டனில் டி.ஏ.பி. ரேடியோ கேட்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. டிரைவரிலிருந்து போகிற வயர்தான் இந்த இரைச்சலுக்கு ஆன்டெனா.

நல்ல டிரைவரில் இதை அடக்க ஃபில்டர் இருக்கும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் எடுத்துவிடுவது அந்தச் சில உதிரி பாகங்களைத்தான். பக்கத்திலிருக்கும் பெரிய நிலையம் அப்போதும் கேட்கும். குறைந்த சக்தியில் ஒலிபரப்பும் நிலையங்கள்தான் முதலில் காணாமல் போகும். வெளிநாட்டில் தமிழ் கேட்கக் கிடைக்கிற நிலையங்கள் சில அந்த வகை.

காரணம் பல்புதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கொஞ்சம் பலவீனமாக வருகிற நிலையம் ஒன்றை வையுங்கள். டேஷ்கேம், யு.எஸ்.பி. சார்ஜர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். இவையும் பெரிய இரைச்சல்காரர்கள். இப்போது லைட்டைப் போட்டு அணைத்துப் பாருங்கள். லைட்டோடு சத்தம் வந்து, லைட்டோடு போனால் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு முறையும் லைட்டை அணைத்துவிட்டு, இடது பல்பை மட்டும், பிறகு வலது பல்பை மட்டும் கழற்றிப் பார்த்தால் எது மோசம் என்றும் தெரிந்துவிடும். எஞ்சின் வேகம் கூடக்கூட ஏறுகிற 'ஊய்' சத்தம் என்றால் அது வேறு கேஸ். ஆல்டர்னேட்டர் பக்கம் தேட வேண்டும்.

அடுத்து மருந்து. லேப்டாப் சார்ஜர் வயரில் ஒரு குண்டு உருளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் ஃபெரைட். கிளிப் மாதிரி மாட்டுகிற ஃபெரைட் தனியாகவே கிடைக்கும். பல்புக்குப் போகிற பாசிட்டிவ், நெகட்டிவ் வயர் இரண்டையும் சேர்த்து, டிரைவருக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே மாட்டுங்கள். வயர் நீளம் இடம் கொடுத்தால் உள்ளே இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். மூன்று சுற்று என்றால் பலன் மூன்று மடங்கு இல்லை, ஏறத்தாழ ஒன்பது மடங்கு. மிச்ச வயரை ஆன்டெனா கேபிளிலிருந்து விலக்கி, ரேடியேட்டர் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் கட்டிவிடுங்கள். 'கேன்பஸ் டிகோடர்' என்று விற்பதை இதற்காக வாங்காதீர்கள். அது பல்பு மினுக்குவதையும் டேஷ்போர்டில் எச்சரிக்கை வருவதையும் தடுக்கத்தான்.

அண்ணையின் காரில் இரண்டு பக்கமும் ஃபெரைட் போட்டோம். எஃப்.எம். தெளிந்துவிட்டது. ஏ.எம். இரைச்சல் குறைந்ததே தவிர போகவில்லை. எதிர்பார்த்ததுதான். எஃப்.எம்.முக்குச் சரிப்படுகிற சாதாரண கிளிப் ஃபெரைட் ஏ.எம். அலைவரிசையில் அவ்வளவாக எடுபடாது.

ரேடியோவே எதுக்கு, போன் இருக்கே என்று கேட்கலாம். 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடாவின் பெரிய நெட்வொர்க் ஒன்று நாள் முழுக்க முடங்கியபோது லட்சக்கணக்கானவர்களுக்கு இன்டர்நெட் இல்லை, பலருக்கு 911 அழைப்புகூடப் போகவில்லை. அந்த மாதிரி நாளில் நெட்வொர்க் இல்லாமல் செய்தி கொண்டுவரக்கூடியது கார் ரேடியோதான்.

ஆனால் என் கவலை ரேடியோவைத் தாண்டியது. ஃபெரைட் போட்டுச் சத்தத்தை அடக்கிவிடலாம். ஒரு பல்பு ரேடியோ சோதனையைத் தாண்டவில்லை என்றால், வெளிச்ச சோதனையை மட்டும் தாண்டியிருக்குமா? ஹாலஜன் ஹெட்லைட்டின் கண்ணாடி வளைவு, அந்தச் சின்ன இழை இருக்கும் இடத்தை வைத்து மில்லிமீட்டர் கணக்கில் செய்தது. எல்.இ.டி.யில் வெளிச்சம் இரண்டு தட்டைப் பக்கங்களிலிருந்து கிளம்புகிறது. அது சரியாகக் குவியாவிட்டால் சாலைக்குப் போக வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். நமக்கோ 'சூப்பர் வெளிச்சம்' மாதிரித்தான் தெரியும். பனி விஷயமும் இருக்கிறது. ஹாலஜன் சூடு முன்பக்கம் வந்து லென்ஸில் படிந்த பனியை உருக்கும். எல்.இ.டி.யின் சூடு பின்பக்கம் போய்விடுவதால் பனி அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பை மாற்றிப் போட அமெரிக்க ஃபெடரல் விதி 108 இடம் கொடுப்பதில்லை. ஜெர்மனியில் 2020 முதல் சில பல்புகளுக்கு அனுமதி உண்டு. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். நீங்கள் இருக்கும் ஊரில் விதி என்ன என்று வாங்கும் முன் பாருங்கள். பெட்டியில் ஏதாவது முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அது உங்கள் கார் மாடலுக்கும் பொருந்த வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்பது உண்மையான குறைதான். அதற்குச் செலவு குறைந்த வழிகளை முதலில் பாருங்கள். பழைய கார்களில் லென்ஸ் மஞ்சள் பூத்திருக்கும். பாலிஷ் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். பல்பு வருஷக்கணக்கில் எரிந்து மங்கியிருந்தால் இரண்டு பக்கமும் புது ஹாலஜன் போடுங்கள். லைட் எந்த உயரத்தில் அடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் செய்த பிறகும் போதாது என்றால் எல்.இ.டி.யோடு சேர்த்தே வடிவமைத்த முழு ஹெட்லைட் யூனிட் உங்கள் மாடலுக்கு வருகிறதா என்று கேளுங்கள். விலை கூடுதல்தான். எதிரே வருகிற காரிலும் யாரோ ஒருவர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்தால், அந்தக் கூடுதல் பெரிதாகத் தெரியாது.