முக்கால் பங்கைப் பறிப்பவர் யார்?

கல்லூரியில் ஒரு பாடத்தில் நூற்றுக்கு 40 மாணாக்கர் தோற்றால், குற்றவாளி மாணாக்கனே என்று தீர்ப்பெழுதி விடுகின்றனர். பாடம் நடத்திய முறை தோற்றது என்று எவரும் வாய் திறப்பதில்லை. ‘அவன் வந்த இடம் அப்படி, வீட்டில் படித்தவர் இல்லை, அவன் மூளைக்கு இஃது எட்டாது’ என்பனவே ஆய்ந்து பாராமல் அள்ளி வீசப்படும் கரணியங்கள்.

இதே பழியை அமெரிக்காவில் கறுப்பின மாணாக்கர்மேல் சுமத்தினர். 1970களில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் நுண்கணக்குப் பாடத்தில் அவர்கள் பெருந்தொகையாய்த் தோற்றனர். சீனக் குடிவழி மாணாக்கரோ சிறந்து தேறினர். ஆசிரியர்களைக் கேட்டால் ஊக்கமின்மை, வறுமை, பெற்றோரின் கருத்தின்மை என்று அடுக்கினர். யூரி திரைசுமன் என்னும் ஆய்வு மாணாக்கர் இரு சாராரிலும் இருபதின்மரைத் தேர்ந்து, அவர்கள் படிக்கும் இடத்திற்கே சென்று உடனிருந்து பார்த்தார். அடுக்கிய கரணியம் ஒன்றும் நிற்கவில்லை!

கறுப்பின மாணாக்கர் சோம்பியிருக்கவில்லை. கிழமைக்கு 8 மணி நேரம், கல்லூரி சொன்ன கணக்குப்படியே உழைத்தனர். ஆனால் தனித்திருந்து உழைத்தனர். 20 பேருள் 18 பேர் உடன்பயில்வாரோடு ஒருநாளும் அமர்ந்து படித்ததில்லை. சீன மாணாக்கர் தனியே படித்தபின் கூடினர். ஒருவர் விடையை மற்றவர் திருத்தினர். ஒரு கணக்கு விளங்காவிடில், அது தமக்கு மட்டும் விளங்காததா, எல்லார்க்கும் அரியதா என்பதை அறிந்துகொண்டனர். தனித்திருந்தவனோ தன் அறிவையே ஐயுற்றான். குருதியில் இல்லை குறை! திரைசுமன் தாம் அமைத்த குழுக்களில் எளிய கணக்குகளைத் தந்து இரக்கங் காட்டவில்லை. அரியவற்றையே தந்து கூடித் தீர்க்கச் செய்தார். தேறார் என்று கைவிடப்பட்டவர்களே தேறினர்.

1973-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கான்சசு நகர வளாகத்தில் தியன்னா மார்ட்டின் தொடங்கிய முறையும் இத்தகையதே. அங்கே எவனுக்கும் ‘மக்கு’ப் பட்டம் இல்லை, பலர் தோற்கும் பாடத்திற்கே இடர்மிக்கது என்று பெயர். அதில் முன்பே நன்கு தேறிய மாணாக்கர் ஒருவர் மீண்டும் அவ்வகுப்பில் அமர்ந்து கேட்டு, பின்னர் விரும்பி வருவாரோடு கூடியிருந்து, வினாத் தொடுத்து அவர்களையே விடைகாணச் செய்வார்.

இதனை மேனாட்டுப் புதுமை என்று வாய்பிளப்போர் நன்னூலைப் புரட்டாதவர். 13ஆம் நூற்றாண்டின் பவணந்தியார் அதன் பாயிரத்தில் பங்கே பிரித்துக் காட்டினார். ஆசிரியன் உரைப்பதை எத்துணை நன்றாய்க் கொண்டாலும் கிட்டுவது கால் பங்கு. உடன்பயில்வாரோடு பழகுவதால் ஒரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை.

தமிழ்நாட்டில், குடும்பத்தின் முதல் ஆளாகத் தொழிற்கல்விக்கு வருவோரின் கட்டணச் சுமையை 2010 முதல் அரசு தாங்கி வருகிறது. நன்று. ஆனால், தமிழில் பயின்று பொறியியற் கல்லூரி புகும் உழவர் மகன் ஆங்கில விரிவுரை முன் வாயடைத்து அமர்கிறான். அவனுக்கு அந்தக் கால் பங்கும் முழுதாய்க் கிட்டுவதில்லை. அதே கணக்கை மாலையில் மூத்த மாணாக்கர் ஒருவரோடு தமிழில் பேசித் தீர்க்க ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் போதும். அவற்றைத் தாராத கல்லூரிகள் நிலுவைத் தாளுக்குத் தேர்வுக் கட்டணம் தண்ட மட்டும் ஒருமுறையும் மறந்ததில்லை. மாலை ஐந்து மணிக்குப் பூட்டும் வகுப்பறைகளை எட்டு மணிவரை திறந்துவைப்பதற்கு எந்த ஆணைக்காகக் காத்திருக்கின்றனர்?