கறிக்கோழிக்கு அசோலா: இடமும் தண்ணீரும்

தீவன விலை ஏறும்போதெல்லாம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஓர் ஆலோசனை வந்துசேர்கிறது: "அசோலா வளர்த்துப் போடுங்கள்." ஆலோசனையில் பொய்யில்லை. கறிக்கோழி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. 2021-இல் சோயாப் புண்ணாக்கு கிலோ 100 ரூபாயை நெருங்கியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசே அனுமதிக்க வேண்டியதாயிற்று. உள்ளூர் மாற்று அவசியம்தான். ஆனால், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் அந்த ஆலோசனையை அப்படியே சொல்வது வளர்ப்பவருக்கு நியாயம் செய்யாது.

நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவின் இலைக்குள் வாழும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. அதனால், காய்ந்த எடையில் 20 முதல் 25 சதவீதம் புரதம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் 'நார்டெப்' அமைப்பு, சில்பாலின் என்ற பிளாஸ்டிக் தாள் விரித்த குழிகளில் அதை வளர்க்கும் எளிய முறையைப் பரப்பியது. மாட்டுக்கும், மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிக்கும் அது நல்ல துணை. ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டிய கறிக்கோழியின் கதை வேறு. பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காயவைத்தாலும் நார்ச்சத்து அதிகம், எரிசக்தி குறைவு. தீவனத்தில் 5 சதவீதம் வரை கலந்தால் கோழி தாங்குகிறது. அளவு கூடக்கூட எடை அடிபடுகிறது.

அந்த 5 சதவீதத்துக்கே கணக்குப் போடுவோம். 5,000 கோழிகள் உள்ள கொட்டகையில், கோழிக்கு மூன்றரை கிலோ என்று வைத்தால், ஒரு பேட்ச்சுக்கு 17.5 டன் தீவனம். அதில் 5 சதவீதம் 875 கிலோ. அவ்வளவு காய்ந்த அசோலாவுக்குப் பச்சையாகச் சுமார் 14 டன் அள்ள வேண்டும். 40 நாளில் என்றால் நாளொன்றுக்கு 350 கிலோ. சதுர மீட்டருக்கு 200 கிராம் கிடைத்தாலும் 1,750 சதுர மீட்டர், அதாவது 43 சென்ட் நீர்ப்பரப்பு தேவை. கோழிக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கில் கட்டிய கொட்டகையைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு! சித்திரை வெயிலுக்கு நிழல்வலையும் வேண்டும். ஒவ்வொரு சென்ட்டும் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் விலை பேசப்படும் ஊரில் இதை யார் செய்வார்?

இடம் இருந்தாலும் முடிவு வளர்ப்பவர் கையில் இல்லை. ஒப்பந்தமுறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் மட்டுமே விவசாயியுடையவை. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் செலவானது என்பதைப் பொறுத்தே வளர்ப்புக் கூலி ஏறும், இறங்கும். சொந்தச் சோதனையில் எடை குறைந்தால் இழப்பு அவருக்குத்தான். அசோலா சேர வேண்டிய இடம் நிறுவனங்களின் தீவன ஆலை. அறிவுரை போக வேண்டிய முகவரியும் அதுவே.

நான் அதிகம் அஞ்சுவது தண்ணீரைப் பற்றி. ஏரியில் ஆகாயத்தாமரை இலவசமாக மண்டிக் கிடக்கிறதே, அரைத்துப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மிதக்கும் தாவரங்கள் காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சிச் சேர்ப்பவை. கழிவுநீரைச் சுத்திகரிக்க அவற்றைப் பயன்படுத்துவதே அதனால்தான். தொழிற்பேட்டைகளுக்கு நடுவே உள்ள ஏரியில் அவை எதைக் குடித்து வளர்ந்தன என்பது பார்வைக்குத் தெரியாது. தீவனத்தில் வரும் காட்மியம் கோழியின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஈரல் வாங்கிச் சமைக்கும் வீடுகளுக்குத்தான் முதல் ஆபத்து.

தொழிற்கழிவு கலக்காத நீர் இங்கே இல்லாமலில்லை. 2024 ஆகஸ்டில் இதே பகுதியின் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அவ்வளவு பேர் குளித்து, துவைத்து, சமைத்து வெளியேறும் நீரில் செடிக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. வங்கதேசத்தின் மிர்சாபூரில் குமுதினி மருத்துவமனை வளாகக் கழிவுநீரில் டக்வீட் எனப்படும் சிறு மிதவைத் தாவரத்தை வளர்த்து, மீனுக்குத் தீவனமாக்கினார்கள். அப்படியொரு சோதனைக் குளத்தை, தொழிற்பேட்டைகளை நடத்தும் சிப்காட் இங்கே அமைக்கலாம். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவன வல்லுநர்கள் இருக்கிறார்கள். உலோகமும் நோய்க்கிருமியும் ஒவ்வோர் அறுவடையிலும் சோதிக்கப்பட வேண்டும். முதலில் மீனுக்கு, முடிவுகள் பொதுவில் வைக்கப்பட்ட பிறகே கோழிக்கு.