பேட்டரியை மாற்றச் சொல்லுமுன்

ஆசிரியருக்கு,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பலரும் 11-க்கு மாறிவிட்டார்கள். மாறிய கையோடு, சார்ஜ் நிற்கவில்லை என்று சர்வீஸ் கடைக்கு ஓடுகிறார்கள். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், “பேட்டரி போச்சும்மா, மாத்தணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது அநியாயம்.

பெரிய அப்டேட் முடிந்ததும், தேடும் வசதிக்காகக் கோப்புகளை மறுபடி பட்டியலிடும் வேலை பின்னணியில் நடக்கும். சார்ஜ் வேகமாக இறங்கும். சில நாளில் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அப்படியும் இறங்கினால், செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்தால் எந்தச் செயலி அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் புதிய டிரைவர் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பேட்டரியின் உண்மை நிலையை விண்டோஸே அறிக்கையாகத் தரும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தோம். புதிதில் 41,000 மில்லிவாட் மணி கொள்ளளவு. இப்போதும் 37,000 நிற்கிறது. இதையா மாற்றச் சொன்னார்கள்? கைக்காசைச் சேர்த்துவைத்துப் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த அறிக்கையைக் காட்டாமல் எந்தக் கடையும் புதுப் பேட்டரி விற்கக் கூடாது. வாசகர்களும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஆனால் பேட்டரி உப்பி, டச்பேட் மேலெழும்பியிருந்தால் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே மாற்றிவிடுங்கள்.

– வாசகர், மன்னார்குடி