உழைப்பும் ஓய்வும் நன்றியும்



ஒருவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்? கடந்த சில ஆண்டுகளாக நம் நாட்டில் எழுவதும் அடங்குவதுமாக இருக்கும் கேள்வி இது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தம் ஊழியர்களிடம் பேசிய காணொளி ஒன்று வெளியானது. வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்துவதாகவும் அதில் அவர் கூறியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று அவர் கேட்டது பலரையும் புண்படுத்தியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஏழு நாளும் உழைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். ஞாயிறை விட்டுவிட்டால் 15 மணி நேரம். உண்ணவும் உறங்கவும் போக வேறென்ன மிஞ்சும்?

மருத்துவர்கள் உடல்நலம் பற்றிப் பேசினார்கள். அதில் நியாயம் உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததன் விளைவாக, 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021-இல் கணித்துச் சொல்லியிருக்கின்றன. ஆனால் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஞாயிறன்று என்ன செய்வீர்கள் என்று நம்மிடம் யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வோம்? நன்றி செலுத்துகிறோம் என்பதுதான் நம் பதில். நற்கருணையைக் குறிக்கும் 'யூக்கரிஸ்தியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். அந்த ஒரு நாளையும் பறித்துவிட்டால், உழைத்தவன் தன் உழைப்பைக் கடவுளின் கையில் கொடுப்பது எப்போது?

உழைப்பு சாபமல்ல

உழைப்பைக் குறைவாகப் பேசுவது நம் நோக்கமல்ல. மனிதர் பாவத்தில் விழுவதற்கு முன்பே, ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் அவரைக் கடவுள் அங்கே வைத்தார் என்று தொடக்கநூல் சொல்கிறது (2:15). ஆக, உழைப்பு தண்டனையாக வந்ததல்ல. பாவத்தால் வந்தது அதிலுள்ள துன்பமே. நம் ஆண்டவர் தம் ஊரில் தச்சர் என்றே அறியப்பட்டார் (மாற்கு 6:3). அவர் போதித்தது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அதற்கு முன் நாசரேத்தில் வாழ்ந்ததோ முப்பது ஆண்டுகள். பவுலடியார் கூடாரம் செய்து பிழைத்தார் (திருத்தூதர் பணிகள் 18:3). உழைக்க மனமில்லாதவரை அவர் கண்டிக்கவும் செய்தார் (2 தெசலோனிக்கர் 3:10).

நம் பங்குகளில் இதற்குச் சாட்சிகள் ஏராளம். உப்பளத்திலும் சித்தாள் வேலையிலும் பீடி சுற்றியும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் எத்தனை பேர்! மகனுக்கு வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் ஒரு பகுதியை வேளாங்கண்ணி மாதாவுக்கென்று எடுத்துவைக்கும் குடும்பங்கள் எத்தனை! கடின உழைப்பு அவர்களைக் கடவுளிடமிருந்து விலக்கவில்லை. அவரிடம் நெருங்கிவரச் செய்தது.

ஆனால் அதே கடின உழைப்பு இன்னொரு பக்கமும் இழுத்துச் செல்லக்கூடும். வளமான நாட்டில் குடியேறப்போகும் இஸ்ரயேலரை மோசே எச்சரிக்கிறார்: என் ஆற்றலும் என் கைவலிமையுமே இந்தச் செல்வத்தை ஈட்டித் தந்தன என்று உள்ளத்தில் எண்ணாதே, அதற்கான ஆற்றலைத் தந்த ஆண்டவரை நினைவில் கொள் என்கிறார் (இணைச் சட்டம் 8:17-18). உழைப்பால் உயர்ந்தவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாம் என்னால் ஆனது என்ற செருக்கு. மற்றொன்று, எனக்குத் தரப்பட்டது என்ற நன்றி. எது எந்த வழி என்று உணர, ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுத் தன் கைகளைச் சற்றுப் பார்க்க வேண்டும். நிறுத்தவே முடியாதவருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

விருப்பம் என்ற பெயரில்

நம் மாநிலத்தில் நடந்ததையும் எண்ணிப் பார்ப்போம். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம்தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அரசு விளக்கியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாள்களில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினம் கொண்டாடிய சென்னையில், சரியாக நூறு ஆண்டுகள் கழித்து இது நடந்தது.

'விரும்புவோருக்கு மட்டும்' என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடகையும் வட்டியும் கழுத்தை நெரிக்கும்போது ஒரு தொழிலாளி முடியாது என்று சொல்வாரா? வாசலில் வேறு பத்துப் பேர் வேலைக்குக் காத்திருக்கையில் அவருடைய விருப்பம் உண்மையில் விருப்பம்தானா? 1891 மே 15 அன்று திருத்தந்தை 13-ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல் இதைத்தான் தொட்டுப் பேசியது. ஒருவர் வறுமையாலோ அச்சத்தாலோ கடுமையான நிபந்தனைக்கு இணங்கினால் அது நீதியான ஒப்பந்தம் ஆகாது, அவர் அநீதிக்குப் பலியாகிறார் என்பது அதன் போதனை. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 14-ஆம் லியோ என்ற பெயரைத் தாம் ஏற்றதற்கு முதன்மைக் காரணமாக அந்தச் சுற்றுமடலையே சுட்டிக்காட்டினார். செயற்கை நுண்ணறிவு வளர்ந்துவரும் இக்காலத்திலும் மனித மாண்பையும் நீதியையும் உழைப்பையும் காக்கத் திருச்சபையின் சமூகப் போதனை தேவைப்படுகிறது என்றார்.

2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய 29 சட்டங்களுக்குப் பதிலாக வந்த இவற்றைத் தொழிற்சங்கங்கள் பல எதிர்த்துவருகின்றன. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு இவற்றிலும் தொடர்கிறது. ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, தொழிலாளிக்கு எட்டுவது வேறு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்திருந்தது. நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்யும் துணிக்கடைப் பிள்ளைகளின் வாழ்வை 2010-இல் 'அங்காடித் தெரு' திரைப்படம் காட்டியபோது கண்ணீர் விட்டோம். ஓர் ஊழியர் சற்று உட்காருவதற்கும் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது அந்த இருக்கை அங்கே இருக்கிறதா என்று பார்ப்போமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் மழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களைக் கடக்க உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. வேலையில்லாமல் வீட்டில் இருப்பதை அவர்கள் ஓய்வு என்று சொல்வதில்லை. ஒரு பக்கம் ஓய்வில்லாத வேலை, மறுபக்கம் வேலையில்லாத வறுமை. இரண்டுமே நன்றி சொல்லும் மனதைக் கசக்கிவிடுகின்றன.

ஓய்வுநாள் யாருக்கு?

இணைச் சட்டத்தில் ஓய்வுநாள் கட்டளையை வாசித்துப் பாருங்கள் (5:12-15). ஓய்வு யார் யாருக்கு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. நீ, உன் மகன், மகள், அடிமை, அடிமைப்பெண், மாடு, கழுதை, உன் ஊரில் தங்கும் அந்நியர் எல்லாருக்கும் ஓய்வு. வீட்டுத் தலைவரைப் போலவே அவருடைய வேலையாளும் இளைப்பாற வேண்டும். காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய், ஆண்டவர் உன்னை மீட்டார் என்பதை நினைத்துக்கொள்.

ஆக, நன்றியின் வேர் நினைவு. நான் பட்ட பாடு எனக்கு நினைவிருந்தால், என்னிடம் வேலை செய்பவரை அதே பாட்டுக்கு ஆளாக்க மாட்டேன். நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். மாட்டுப் பொங்கலன்று ஏர் பூட்டாமல், மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, அதற்கும் பொங்கல் ஊட்டியவர்கள் அவர்கள். உழைத்த மாட்டுக்கே நன்றி சொல்லும் பண்பாட்டில் பிறந்த நாம், உழைக்கும் மனிதரை மறக்கலாமா?

நம் கடற்கரை ஊர்களும் ஒரு பாடம் சொல்லித்தருகின்றன. கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு உண்டு. ஒருவர் மட்டும் கரையில் நின்றால் மற்றவர் மீனை அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் இருக்கும். ஊரே சேர்ந்து நிற்பதால் அந்தப் பயம் இல்லை. வலை காய்கிறது, ஆலயம் நிறைகிறது. ஓய்வு என்பது தனியொருவரின் விருப்பத்தால் மட்டும் கிடைப்பதில்லை. ஒருவருக்கொருவர் காவலாக நிற்கும்போதே எளியவருக்கும் அது கிடைக்கிறது. தொழிலாளர் சட்டத்தின் உள்ளார்ந்த பொருளும் இதுவே.

உழவரான ஒரு புனிதர்

ஸ்பெயின் நாட்டு மத்ரித் நகர்ப் புனித இசிதோர், வர்காஸ் என்ற நிலக்கிழாரிடம் வேலை செய்த உழவர். காலையில் ஆலயத்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வேலைக்கு வருகிறார் என்று உடன் உழைப்பவர்கள் அவரைப் பற்றிப் புகார் செய்தார்களாம். நிலக்கிழார் மறைந்திருந்து பார்த்தபோது, இசிதோரின் ஏருக்குப் பக்கத்தில் வானதூதர்களும் உழுதுகொண்டிருந்தார்கள் என்பது மரபுக்கதை. செபத்துக்குக் கொடுத்த நேரம் வேலைக்கு நட்டமாகவில்லை என்பதை எளிய மக்கள் இப்படிச் சொல்லிவைத்தார்கள். 1622 மார்ச் 12 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. நம் முத்துக்குளித்துறை மக்களின் அன்புக்குரிய புனித பிரான்சிஸ் சவேரியாரும் லொயோலா இஞ்ஞாசியாரும் அதே நாளில்தான் புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். நாடுகள் கடந்து சென்ற மறைபரப்பாளருக்குக் கிடைத்த மகுடமே, பிறர் நிலத்தை உழுத கூலித் தொழிலாளிக்கும் கிடைத்தது.

நம் வீட்டிலும் நம் பங்கிலும்

நிறுவனத் தலைவர்களைக் குறைசொல்வது எளிது. நம் வீட்டில் வேலைசெய்யும் சகோதரிக்கு ஞாயிறு விடுமுறை உண்டா? நாம் திருப்பலிக்குப் போகும் நேரத்தில் அவர் நம் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தால், பீடத்தில் நாம் செலுத்தும் நன்றியில் அவருக்குப் பங்கு எங்கே? ஞாயிறு என்றாலே கறிக்குழம்பு என்று ஆகிவிட்ட நம் வீடுகளில், அன்றுதான் அம்மாவுக்கு அடுப்படி வேலை அதிகம். பிள்ளைகளும் தந்தையும் கைகொடுத்தால் அவருக்கும் அது ஆண்டவரின் நாளாகும்.

பங்கிலும் பார்க்க வேண்டியவை உண்டு. விடியுமுன் மணியடிக்கும் கோயில்பிள்ளை, மழையிலும் வெயிலிலும் வீடு சந்திக்கும் உபதேசியார், நம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் துப்புரவாக வைத்திருப்பவர்கள், திருவிழாப் பந்தல் போடுபவர்கள் ஆகியோரின் கூலி நியாயமானதா, நேரத்துக்குக் கிடைக்கிறதா? கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). 'இறைப்பணி' என்று சொல்லிக் குறைந்த கூலி கொடுப்பது நன்றியாகாது. பங்குப் பேரவைகள் இதை ஒருமுறையாவது எடுத்துப் பேசினால் நல்லது.

1955-இல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் மே 1-ஐத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். 1981-இல் 'லபோரெம் எக்சர்சென்ஸ்' சுற்றுமடலில் புனித இரண்டாம் யோவான் பவுல், உழைப்பு மனிதருக்காகவே, மனிதர் உழைப்புக்காக அல்லர் என்று தெளிவுபடுத்தினார். ஓய்வுநாள் பற்றி ஆண்டவர் சொன்னதும் இதே பொருளில்தான் (மாற்கு 2:27).

ஒவ்வொரு திருப்பலியிலும் காணிக்கை வேளையில் குரு அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தும்போது, அவை நிலத்தின் கொடை மட்டுமல்ல, மனித உழைப்பின் பயனும்கூட என்று அறிக்கையிடுகிறோம். கோதுமையை அறுத்தவர், மாவு அரைத்தவர், திராட்சை பறித்தவர் எல்லாரும் அந்தத் தட்டில் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு அந்த வேளையில், கடந்த ஆறு நாளும் நாம் செய்த வேலையை மனதில் கொண்டுவந்து பீடத்தில் வைப்போம். நமக்காக உழைத்தவர்களில் ஒருவரையாவது அவரது முகத்தோடு நினைத்துக்கொள்வோம். திருப்பலி முடிந்து திரும்பியதும் அவருக்குத் தர வேண்டிய கூலியையும் ஓய்வையும் தருவோம்.

உழைக்கும் கரங்களை அறிந்த நாசரேத்துத் தச்சரான இயேசுவே, எங்கள் உழைப்பை ஏற்று, எங்களுக்கு நன்றியுள்ள இதயத்தைத் தாரும். ஆமென்.