தீவு கடலில்தான் இருக்கணுமா?

ஒரு பறவை இனமே அழிந்துவிட்டது என்று பேப்பரில் படித்தால், 'அடப்பாவமே' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். ஏன் அழிந்தது என்று கேட்டால், விஷயம் நம் ஊர் எல்லை வரை வந்து நிற்கிறது.

தாஹிட்டித் தீவில் ஒரு சின்ன உள்ளான் இருந்தது. 1770களில் கேப்டன் குக்கின் கப்பல்கள் போனபோது பார்த்தார்கள். பிறகு காணோம். நெதர்லாந்தில் லைடன் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த ஒரே ஒரு உடல்தான் மிச்சம். கப்பலில் வந்திறங்கிய எலிகள் தரையிலிருந்த முட்டைகளைத் தின்றிருக்கும் என்கிறார்கள். தீவாச்சே, தப்பி எங்கே போகும்?

நம் பக்கத்து ஆந்திராவில், கடப்பா முட்காட்டில் கலிவிக்கோழி என்று ஒரு பறவை. உள்ளானுக்கும் ஆள்காட்டிக்கும் சொந்தம், ராத்திரியில்தான் நடமாடும். 1848ல் ஜெர்டான் என்ற ஆங்கிலேயர் உலகுக்குச் சொன்னார். 1900க்குப் பின் 86 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தது என்றே நினைத்தார்கள். 1986ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் உள்ளூர்க்காரர் உதவியோடு மறுபடி கண்டுபிடித்தார்கள். அப்புறமும் நிம்மதி இல்லை. சென்னைக்கு கிருஷ்ணா தண்ணீர் தருகிற அதே தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்று அந்தக் காட்டுக்குள் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகே பாதை மாறியது. சுற்றிலும் வயல், தோப்பு, கால்வாய். நடுவில் கொஞ்சம் முட்காடு. அதுவும் தீவுதானே! பல வருஷ மௌனத்துக்குப் பின், 2025 ஆகஸ்டில் அதன் குரலைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்காக ஆடு மேய்க்காதே, சுள்ளி பொறுக்காதே என்று பெண்களை விரட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. புதர் ரொம்ப அடர்ந்தாலும் கலிவிக்கோழி தங்காது, மொட்டையாக வெட்டினாலும் தங்காது என்று ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். அளவோடு மேய்வதால் கெடுதலில்லை. பொக்லைன் வந்தால்தான் ஒரே நாளில் எல்லாம் போகும்.

எங்கள் தர்மபுரிப் பக்கம் இலந்தைப் புதரும் சரளைக்கல்லுமாகக் கிடக்கிற மேட்டை 'தரிசு' என்றுதான் சொல்வோம். பிளாட் போட்டால் சந்தோஷப்படுவோம். (என் வீட்டுக்காரரும் அந்தக் கட்சிதான்.) ஆள்காட்டி அங்கேதான் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. கிராம சபையில் புறம்போக்கைப் பற்றிப் பேச்சு வரும்போது, அங்கே என்னென்ன இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போகிறேன்.

- ஒரு வாசகி, பென்னாகரம், தர்மபுரி மாவட்டம்.